ஞானசேகரம் கொடுத்த ரத்தம்

எங்கள் ஞானசேகரத்துக்கு நோர்வேயில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வராவிட்டால் உடம்பில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். மனிதர் திருகோணமலைக்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர், சிகரெட்டை விடவே மாட்டார். புகைப்பவர்களின் ரத்தத்தை வைத்து நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்து, மூன்று வருடமாக ரத்தம் கொடுத்துவந்தார்.

இருமல் தொடங்கியபோது மனைவி வசந்தமலர் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தார்.

“என்ரை ரத்தம் அவங்களிட்டை இருக்கு. ஏதும் எண்டால் போன் எடுத்துச் சொல்லியிருப்பாங்கள்தானே” என்பார். எனக்கும் அதே பதில்தான். பஸ் டிப்போவில் அவரோடு காலமெல்லாம் மாரடித்தவன் நான். அவரிடம் வாய்கொடுத்து யாரும் வென்றதில்லை.

இந்த வசந்தத்தில் சளியோடு ரத்தம் வந்தது. படம் எடுத்தார்கள். நோய் நுரையீரலைத் தாண்டிக் கல்லீரலுக்கும் போய்விட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்திலேயே நிவேதிதா இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண், அந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் வேலை. வசந்தமலர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். நானும் இருந்தேன்.

“பிள்ளை, என்ரை ரத்தத்திலை என்ன இருந்தது?” என்று கேட்டார் ஞானசேகரம்.

“இன்னும் பார்க்கலை அங்கிள். மைக்ரோ ஆர்என்ஏன்னு, ரத்தத்துல இருக்கிற சின்னச் சின்னத் துணுக்குகளைத் தேடறோம். எல்லாரோட ரத்தமும் வந்து சேர்ந்த பிறகு மொத்தமாத்தான் பார்ப்போம். அதுவரைக்கும் ஃப்ரீசர்ல இருக்கும். பேர்கூட இருக்காது, நம்பர்தான். சேரும்போதே சொல்லியிருப்பாங்களே.”

சொல்லியிருந்தார்கள்தான். அதெல்லாம் வழக்கமாகச் சொல்வது என்று இவர் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

“இவ்வளவு காலமும் ஒருத்தரும் பார்க்கேல்லையோ?” என்றார் வசந்தமலர். நிவேதிதா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளைத் திட்டி என்ன செய்வது?

ஞானசேகரம் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: “எவ்வளவு காலம் இருப்பன் எண்டும் அதிலை தெரியுமாமே?”

“அதையும்தான் தேடறோம் அங்கிள். யார் எவ்வளவு நாள் இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான், எந்தத் துணுக்கு அதைச் சொல்லுதுன்னு…” பாதியில் நிறுத்திவிட்டாள்.

மீதியை அவரே சொன்னார். “அப்ப, நான் செத்தாப்பிறகுதான் என்ரை ரத்தத்தைப் பார்ப்பினம்.”

வசந்தமலர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதிதா இல்லையென்று சொல்லவில்லை.