ஜெபமாலையும் சுண்ணாம்பும்

காலை ஆறே முக்கால். கும்மிடிப்பூண்டியில் என் எதிர்வீட்டு அம்மாள் வலது கையில் சுண்ணாம்பு மட்டையும் இடது கையில் ஜெபமாலையுமாகச் சுவரருகே நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு. புருவமெல்லாம் வெள்ளைத் துளிகள்.

அவருக்கு இருதயம் பலவீனம். வேலை செய்யும் நேரத்துக்குச் சமமாக ஓய்வும் எடுக்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிறன்று பங்குச் சாமியார் புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறார்; அதற்குள் வெள்ளையடித்தாக வேண்டும். வீட்டில் கடிகாரம் இல்லை. அதனால் ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபித்து முடிக்கும்வரை வெள்ளையடிப்பார்; அடுத்த பத்து மணிகள் முடியும்வரை உட்காருவார். மட்டை ஓடும்போது ஜெபம் நிதானமாக நகரும். உட்கார்ந்ததும் பறக்கும்.

கூரையில் ஓடு வேய்ந்துகொண்டிருந்த கணவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாமே, நீ குந்தினா மட்டும் மாதாவுக்கு ரயிலுக்கு நேரமாயிடுதா?"

"நீ ஓட்டைப் பாரு. எஞ்ஜெபத்தை எதுக்கு அளந்துகினு கீற?"

"ஆஸ்பத்திரிக்கு மறுக்கா கஞ்சி தூக்கினு நடக்க என்னால ஆவாது. முதல் பாதி நீ சொல்லு, பின்பாதி நான் சொல்றேன்."

அம்மாள் சிரித்துவிட்டார். மாதா கோயிலில் சொல்வதுபோல இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அம்மாள் உட்கார்ந்திருக்கும்போது பின்பாதியைக் கணவர் இழுத்த இழுப்பை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

ஞாயிறன்று சாமியார் வந்தபோது ஒரு சுவர் வெள்ளையடிக்காமலே இருந்தது. அதன் மேலும் தீர்த்தம் தெளித்தார்.