ஆவக்காய் ஜாடியும் பன்னாட்டு வாணிபமும்

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த புதிதில், சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதார ட்யூட்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே பிரின்சிபால் கூப்பிட்டார்.

"பி.ஏ.யில் இன்டர்நேஷனல் டிரேட் எடுத்த பையன்கள் உம்முடைய பொறுப்பு. ஒவ்வொருவனும் ஓர் ஏற்றுமதி, ஓர் இறக்குமதி இரண்டையும் கண்ணால் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ரிப்போர்ட் இல்லையென்றால் அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட் இல்லை. அது இல்லையென்றால் பரீட்சை இல்லை."

பல்கலைக்கழக விதிகளில் அப்படி ஒன்று கிடையாது. அது அவரே சேர்த்துக்கொண்டது.

"சென்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போகிறேன் சார்."

"அங்கே நம்மை விடமாட்டான். போன வருஷம் ஒருத்தன் கப்பலுக்குள் தூங்கிவிட்டான்."

வகுப்பில் கரீம் என்ற பழவேற்காட்டுப் பையன் இருந்தான். அவன்தான் வழி சொன்னான். "எங்க வாப்பா ஏரிக்கு அந்தாண்ட ஆந்திராவுக்குத் தோணியில கருவாடு அனுப்புறாரு சார்."

"ஆந்திரா எப்போதய்யா ஃபாரின் ஆயிற்று?" என்றார் பிரின்சிபால். பாஷை வேறு, சர்க்கார் வேறு, போவது தண்ணீர் வழி என்று வாதாடினேன். அவர் பழவேற்காட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான பொன்னேரிக்கு ரயில் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு, சரி என்றார்.

பழவேற்காட்டில் கரீமின் வாப்பா எங்களுக்கு நாஷ்டா கொடுத்து, கருவாட்டு மூட்டைகளுக்கு மேலேயே உட்கார வைத்துத் தோணியில் அனுப்பினார். அக்கரைக் கடைக்காரர் மூட்டைகளை இறக்கிக்கொண்டார். பையன்கள் 'ஏற்றுமதி' என்று எழுதிக்கொண்டார்கள். வாப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லி, வாய்க்குத் துணி கட்டிய ஒரு பெரிய ஜாடி ஆவக்காய் ஊறுகாயைக் கடைக்காரர் கொடுத்தனுப்பினார். 'இறக்குமதி' என்று எழுதிக்கொண்டார்கள். திருவாலங்காட்டு வரதன் ஜாடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். நல்ல மாணவன். பாடத்திலுள்ள சொல்லை விட்டு வேறு சொல் அவன் வாயில் வராது.

பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்தபோது தோணித்துறையில் மதுவிலக்கு ஏட்டு ஒருவர் நின்றிருந்தார். அக்கரையிலிருந்து சாராயம் வருவதாக அவருக்குத் தகவல்.

"ஜாடியில இன்னாப்பா கீது?"

வரதன் விறைப்பாக நின்று சொன்னான்: "இறக்குமதிச் சரக்கு சார்."

"சரக்கா?"

"ஆமா சார். ஃபாரின் சரக்கு."

 மதுவிலக்குக் கேஸ் என்றால் பையன்களுக்குப் பட்டம் போகும். எனக்கு வேலை போகும்.

"ஏட்டய்யா, அது ஊறுகாய்!" என்று கத்தினேன்.

"நீ யாரு?"

"இவர்தான் சார் எங்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தருகிறவர்" என்றான் வரதன்.

ஏட்டு துணியை அவிழ்த்து ஜாடிக்குள் மூக்கை விட்டு, நெஞ்சு நிறைய இழுத்தார். கடுகும் மிளகாயும் ஒன்றாக ஏறின. அவர் போட்ட தும்மலில் தொப்பி தோணிக்குள் விழுந்தது. தும்மி முடித்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"மேல மொளகாவப் போட்டு அடியில சாராயத்த வச்சிக்கினு வர்றீங்களா?"

சொல்லிக்கொண்டே முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். அடியில் மாங்காய்தான் அகப்பட்டது. வெளியே எடுத்த கை எரிய ஆரம்பித்தது. ஓடிப்போய் ஏரித் தண்ணீரில் முக்கினார். உப்புத் தண்ணீர் வேறு.

"ஐயோ, பேஜாரா பூட்ச்சே!" என்று குதித்தார்.

சத்தம் கேட்டு வாப்பா ஓடி வந்தார். மோர்ப் பானை வரவழைத்து ஏட்டின் கையில் ஊற்றினார். பிறகு ஜாடியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"கைய உட்டுட்டீங்களே ஏட்டய்யா. இனிமே இத யாரு தின்றது? நீங்களே ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

ஏட்டு விரலை நக்கிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "கேஸ் ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்லி, ஜாடியை அணைத்துக்கொண்டு போனார்.

வரதன் பென்சிலை எடுத்தான். "சார், இதை கஸ்டம்ஸ் டூட்டின்னு எழுதறதா, பறிமுதல்னு எழுதறதா?"

"உனக்குத் தோன்றியதை எழுது. யாரிடமும் பேசாதே."

மறுநாள் பிரின்சிபால் ரிப்போர்ட்களைப் படித்தார். "இறக்குமதியான பொருள் எங்கே?"

"சர்க்கார் எடுத்துக்கொண்டது சார்."

"அடடே! கஸ்டம்ஸ் வரைக்கும் பார்த்துவிட்டார்களா?" என்று மகிழ்ந்து எல்லாச் சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போட்டார். அது மதுவிலக்கு என்று நான் திருத்தவில்லை. பரீட்சையில் வரதன்தான் முதலாவதாக வந்தான்.

பிறகு பல வருஷம் அதே பாடத்தை நடத்தினேன். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். வெளியே வந்தால், கேட்பவருடைய உத்தியோகத்தைப் பொறுத்து அது மாறும். ஆகவே காக்கிச் சட்டைக்காரர் ஜாடியைக் காட்டிக் கேட்டால் படிப்பைக் காட்டாதீர்கள். ஊறுகாய் என்று சொல்லுங்கள்.