கேட்டுக்கு வெளியே பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்ட்டில் இருந்தேன். நம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகள் ஸ்டெல்லா போட்டிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அதற்கும் கீழே, அன்று சவேரியார் திருவிழாவின் ஏழாம் நாள் நவநாளுக்குப் பூமாலை வாங்குவது யார் என்று ஒரு கேள்வி. கேட்டவன் விழாக் குழுச் செயலாளரான நான்தான். செய்தியைப் படித்த பிறகுதான் கேட்டேன்.

அக்காவைத் தெரியாதவர்கள் நம் காலனியில் கிடையாது. பகலில் இரும்புக் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குவார். சவேரியார் திருவிழாவின் ஒன்பது நாளும் பூசைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் புனிதரின் கதையைச் சொல்வார். கடல் தாண்டி வந்த அந்த மனிதர் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூப்பிட்ட இடம் வந்தால் அக்காவுக்கு எங்கிருந்தோ ஒரு குரல் வந்துவிடும். “கம்பெனி சைரனுக்குத் துண்ணாம கூட ஓடுறீங்க. சாமி மணி அடிச்சா மட்டும் காது கேக்கலியா?” என்பார். முதல் வரிசையில் இருக்கும் விழாக் குழுவைப் பார்த்துத்தான் கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

போன வருடம் சவேரியார் சுரூபத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “நான் செத்தா இவரு முன்னாடி இட்டாந்து வச்சி ஒரு பூசை பண்ணுங்க தம்பி. வேற இன்னா கேக்கப் போறேன்.” சரி அக்கா என்றேன்.

அந்த ஒன்றைத்தான் நாம் செய்யவில்லை. திருவிழாக் கொடி ஏறிவிட்டது, இறங்கும்வரை பிணத்தைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று யாரோ ஆரம்பித்தார்கள். திருச்சபையில் அப்படி ஒரு சட்டமே இல்லை. நாமாகக் கண்டுபிடித்தது. “வெளியூர் ஜனம் வர்ற நேரத்துல பொணத்த வச்சா நல்லாவா இருக்கும்?” என்றார் பொருளாளர். குழுவே முடிவு செய்யட்டும் என்று பங்குச் சாமியார் ஒதுங்கிக்கொண்டார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, “அம்மாவ உள்ள வைக்கலாமில்ல மாமா?” என்றாள். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நடந்திருக்கும். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பிற்பகல் அக்காவை ஏற்றிய வண்டி கோயில் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றது. சாமியார் வெளியே வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். உள்ளே சீரியல் லைட் கட்டுகிறவர் ஏணியை விட்டு இறங்கவில்லை. அப்படியே கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டோம். இப்போது அக்காவுக்குப் பெரிய பேனர் வைக்கலாம் என்கிறீர்கள். வயிறு எரிகிறது.

அன்று மாலை கதை இல்லாமலே பூசை நடந்தது. மறுநாள் கதை சொல்ல என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். புனிதரின் மரணத்தைச் சொல்லவேண்டிய நாள். சீனாவுக்குப் போகப் படகு கிடைக்காமல், ஒரு தீவில் காய்ச்சலில் கிடந்து அவர் இறந்துபோனார். குளிர் என்று கப்பலில் இருந்தவர்கள் கரைக்கு இறங்கவில்லை. அடக்கத்துக்கு நான்கே பேர். வருடாவருடம் இந்த இடத்தில் அக்கா கதையை நிறுத்திவிட்டு அந்தக் கப்பல்காரர்களைத் திட்டுவார்: “குளுருதாமே. உங்க ஊட்டுக்கு வர்றப்ப அவரு குளுரு பாத்தாரா?” அந்த இடம் வந்ததும் நான் திட்டவில்லை. அடக்கம் செய்தார்கள் என்று மட்டும் சொல்லி முடித்தேன். நீங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஸ்டெல்லா தெருவில் நின்றிருந்தாள். உள்ளே வரவேயில்லை; ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள். “அங்க அம்மா திட்டுமே மாமா. அத ஏன் உட்டுட்டீங்க?” என்றாள்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தத் திட்டு ஒன்றுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.