ஜன்னலில் இரண்டு துண்டு

வெந்நீர்க்காரர் என்றால் ஸ்டேஷன் சாலையில் நாய்கூட ஒதுங்கி வழிவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் பள்ளிக்கூடம். ஆனால் மூளை? இரண்டு பகல், இரண்டு இரவு ஓடுகிற அந்த நெடுந்தூர ரயில், இவர் ஊரில் எஞ்சினைக் கழற்றித் திருப்பி மாட்ட ஒரு மணி நேரம் நிற்கிறது. பாவப்பட்ட சனங்கள் கரியும் புழுதியுமாக இறங்கி முழிக்கிறார்கள். படித்தவன் படிக்காதவன் எல்லோரும்தான் பார்த்தார்கள். அண்டா வாங்கி அடுப்பு மூட்டியவர் இவர் ஒருவர்தான்!

அண்டா பாய்லர் ஆனது, ஒரு பாய்லர் இரண்டானது. வரிசையாகக் குளியலறைகள் எழும்பின. யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டவில்லை.

அந்த ரயிலுக்கு இந்தப் பகுதியில் கார்டு, அவருடைய தங்கை புருஷன். ரயில் வளைவில் திரும்பும்போதே கார்டு தன் ஜன்னலில் துண்டைத் தொங்கவிடுவார். ஒரு துண்டு என்றால் ஒரு பாய்லர். இரண்டு என்றால் இரண்டையும் மூட்டு, கூட்டம் தாங்காது. கடிகாரத்தை நம்பாத வெந்நீர்க்காரர் அந்தத் துண்டை நம்பினார்.

"மாப்ளே, வண்டியில கூட்டம் குறையுதே. மாடி எடுக்கலாமா, வேணாமா?" என்று ஐந்து மாதம் முன்பு கேட்டார்.

"நீ தொட்டு எது தோத்திருக்கு மச்சான்? கட்டு!" என்று முதல் செங்கல்லை எடுத்து வைத்ததே கார்டுதான். வெந்நீர்க்காரர் குடியிருந்த வீட்டை அடகு வைத்து மாடியை எழுப்பினார்.

பூச்சு காயவில்லை. அன்றைக்கு ஜன்னலில் இரண்டு துண்டு ஆடியது. இரண்டு பாய்லரும் கொதித்தன. ரயில் நிறையக் கூட்டம். ஒரு தலைகூடச் சாலையைத் தாண்டி வரவில்லை. எல்லோரும் எஞ்சின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா கூத்து இது?" என்று போர்ட்டரைக் கேட்டார்.

"இதான் கடைசி வண்டி, அண்ணாச்சி. நாளையிலேருந்து பஸ்தான். ஆறு மாசமா பேச்சு. கார்டு உங்க வீட்டு ஆளாச்சே, சொல்லியிருப்பாருன்னு நினைச்சோம்." போர்ட்டர் தலையைச் சொறிந்தான். "பஸ் நிக்கப்போற இடத்துல குளியலறைக் குத்தகை எடுத்திருக்கறதே அவருதானே..."

வெந்நீர்க்காரர் புது மாடியை அண்ணாந்து பார்த்தார். பணமெல்லாம் மாடியில் முடங்கி, அந்த இடம் தன் கைக்கு வராமல் இருக்கத்தானா அந்த முதல் செங்கல்?

கார்டு வழக்கம்போல் சோப்பு டப்பாவோடு வந்தார். முதல் அறை எப்போதும் அவருக்குத்தான், இலவசம்.

"தண்ணி சூடா இருக்கா, மச்சான்?"

"இருக்குங்க சார். சீட்டு வாங்கிட்டு உள்ள போங்க."

"என்ன, புதுசா சார் மோருன்னுட்டு?" கார்டு சிரிக்கப் பார்த்தார். வெந்நீர்க்காரர் சீட்டைக் கிழித்து நீட்டியபடியே நின்றார். சிரிப்பு கரைந்தது. கார்டு காசைப் பலகைமேல் வைத்தார். சீட்டையும் வாங்கவில்லை, குளிக்கவும் இல்லை.

ரயில் கிளம்பியபோது ஜன்னலில் இரண்டு துண்டும் ஆடிக்கொண்டேதான் போயின. வெந்நீர்க்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பாய்லரையும் சாக்கடைக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.