தாராவிப் படி

போன மாதம் திலக் நகரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு எந்த வழியில் சொந்தம் என்று அம்மாவைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் பெண்கள் கழிப்பறைப் பக்கம் போனேன். இரண்டே கதவு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பட்டுச்சேலைகளின் நீண்ட வரிசை. கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்ற ஒரு இளம்பெண் திரும்பிப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கினாள், பிறகு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஏ, வழி விடுங்க. டீச்சர் முன்ன போவட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முத்துச்செல்வி! ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது அவள் இடுப்பில் ஒரு குழந்தை. ஆனால் என்னை உலுக்கியது அவளல்ல, அந்த வாக்கியம். அதைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

சொன்னால் சிரிப்பீர்கள். தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் யார் வீட்டிலும் கழிப்பறை கிடையாது. சந்து முனையில் பொதுக் கழிப்பறை. காலையில் அங்கே நிற்காமல் யாருக்கும் பொழுது தொடங்காது. நான் வேலையில் சேர்ந்த மறுநாளே அந்த வரிசையில் எனக்கு மரியாதை வந்துவிட்டது. கையில் தண்ணீர் டப்பாவோடு போய் நிற்பேன். "டீச்சர், நீங்க போங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுல்லா" என்று நாலைந்து பேர் விலகுவார்கள். அந்த மரியாதைக்கு ஒரு விலையும் உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வெளியிலிருந்து குரல் வரும்: "டீச்சர், எம் பய கணக்குல எத்தன மார்க்கு?" நான் உள்ளேயிருந்தபடியே பதில் சொல்லியிருக்கிறேன்.

இதனால்தான் பினாயில் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு இட்லி ஞாபகம் வருகிறது. தப்பாக நினைக்காதீர்கள். அந்த வரிசைக்குப் பத்தடி தள்ளித்தான் எங்கள் வீடு. விடியற்காலையில் அம்மா பெரிய பெரிய கொப்பரைகளில் இட்லி அவிப்பாள். தலையில் தூக்கிப்போய்த் தெருத்தெருவாக விற்கிற ஆட்கள் வாசலில் காத்திருப்பார்கள். அப்பாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இருவரும் பம்பாயில் சம்பாதித்த ஒரே பெருமை, மகள் டீச்சர் ஆனது. அதுவும் அவள் படித்த அதே பள்ளிக்கூடத்தில், இரண்டு சந்து தள்ளி.

ஒரு டிரஸ்ட் நடத்திய தமிழ்ப் பள்ளி அது, சம்பளம் அரசாங்கத்தினுடையது. அதே டிரஸ்டுக்குச் செம்பூரில் இன்னொரு பள்ளி இருந்தது. எங்கள் தலைவலி எல்லாம் அந்தச் செம்பூர்தான். புதிதாக வருகிற டீச்சர் ஜூனில் வருவார், மூக்கைப் பொத்துவார், மழையில் சாக்கடைத் தண்ணீர் படியேறி வகுப்புக்குள் வந்ததும் செம்பூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். புது டீச்சர் வாசலில் நுழைந்ததும் பின்பெஞ்சில் பந்தயம் ஆரம்பமாகும். "மழை தாண்டுமா, தாண்டாதா?" கோலிக்குண்டு, ஸ்டிக்கர், பாதி வடாபாவ் என்று எல்லாவற்றையும் வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலும் 'தாண்டாது' கட்சிதான் ஜெயிக்கும்.

மாதுங்காவிலிருந்து கணக்கு டீச்சராக மைதிலி டீச்சர் வந்தபோது, முழு வகுப்பும் 'தாண்டாது' பக்கமே கட்டியது. ஓடிகொலான் தெளித்த கைக்குட்டை இல்லாமல் அவர் சந்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டால் வேறு ஆள். பின்னம் சொல்லித்தர லோக்கல் ரயிலை வரைவார். பன்னிரண்டு பெட்டியில் லேடீஸ் பெட்டி எத்தனை, அது முழு ரயிலில் எவ்வளவு பங்கு? என் வகுப்புப் பிள்ளைகள் சயான் ஸ்டேஷனில் நின்றுகொண்டு பின்னம் பேச ஆரம்பித்தார்கள். அவரும் செம்பூருக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் கணவர் தினமும் நச்சரிப்பதாகச் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் ஆசீர் சார், எங்கள் தலைமையாசிரியர், எல்லாரையும் கூப்பிட்டு அந்த அறிவிப்பை வாசித்தார். கஷ்டமான பகுதிகளில் உள்ள பள்ளிகளை விட்டுப் போகாமல் இருக்கும் ஆசிரியர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கூடுதலாக ஒரு தொகை தரப்போகிறது. அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் 'தாராவிப் படி' என்றோம். சமோசாவும் டீயும் வரவழைத்தோம். மைதிலி டீச்சர் அங்கேயே, சமோசாவை மென்றபடியே, "அப்போ நான் செம்பூர் அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிண்டுடறேன் சார். இதைச் சொன்னா எங்காத்துக்காரர் வாயை மூடிண்டுடுவார்" என்றார். நான் கைதட்டினேன். நிஜமாகவே கைதட்டினேன்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அம்மா கொப்பரையை இறக்கி வைத்தாள். "உள்ளயே குளிமுறி உள்ள வீடு கிடைக்குமாட்டி? ஒரு நாளாவது கதவச் சாத்திட்டு நிம்மதியா குளிக்கணும்" என்றாள். அவள் அப்படி ஒன்றுக்கு ஆசைப்பட்டாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மாதம் முடிந்தது. மைதிலி டீச்சருக்குப் படி வந்தது. ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் ஏறி வரும் பி.டி. சாருக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. ஏதோ எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன். அரைநாள் லீவு போட்டுவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், என் விவரத்தைக் கம்ப்யூட்டரில் தேடினார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு. "ஆப் தோ உதர்ஈச் ரஹ்தா ஹை" என்றார். நீங்கதான் அங்கேயே குடியிருக்கீங்களே! இந்தப் படி வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தானாம். அவர்கள் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத் தருவதாம். நான் புரியாமல் பார்த்தேன். என் முகத்தைக் கண்டு அவருக்கே பாவமாகிவிட்டது போல. குரலைத் தணித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி கேட்டார்: "ஆப் கிதர் ஜாயேகா, மேடம்?"

நீங்க எங்கே போகப் போறீங்க?

டீ டம்ளரை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார். அரசாங்கம் யோசித்துப் பார்த்து, என் பிறப்பையும் வீட்டையும் அம்மாவின் இட்லிக் கொப்பரையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இவள் எங்கும் போக முடியாதவள் என்று கண்டுபிடித்துவிட்டது! தொண்ணூறடி ரோட்டில் எப்படி நடந்து வந்தேன், எந்தச் சந்தில் திரும்பினேன் என்று எனக்குத் தெரியாது. யாரோ "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மைதிலி டீச்சரிடம் சொன்னபோது அவர் கைக்குட்டையை மேஜையில் எறிந்தார். "என்ன அக்கிரமம்டி இது? காலம்பற கேட்டைத் திறக்கறது நீ. ஆப்ஸென்ட்டான குழந்தையை வீடு வீடாப் போய் இழுத்துண்டு வரது நீ. காசு மட்டும் நேக்கா? நேக்கு வேண்டாம். இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்." சொன்னதோடு நிற்காமல் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் மேடம். நீங்க அத வேண்டாம்னா உங்க வீட்டுக்காரர் உங்கள இங்க விடமாட்டார். பிள்ளைங்களுக்குக் கணக்கு போயிரும்."

அவர் எறிந்த கைக்குட்டையை எடுத்து மடித்தார். பிறகு பேனாவை மூடினார். அன்றைக்கே நான் ஆசீர் சாரிடம் போனேன். "ரூல்ல அப்படித்தாம்மா இருக்கு. நான் எழுதிப் போடுதேன், ஆனா மாத்த மாட்டாங்க" என்றார். எழுதினார், மாற்றவில்லை.

முடிவெடுத்தது அம்மா. "அப்பம் வெளிய போயிருவோம். வெளிய போனாத்தான் இங்க இருக்கதுக்குத் துட்டு தருவாவன்னா, போயிட்டு வரவேண்டியதுதான?" என்றாள். அப்பா பம்பாய்க்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தச் சந்தைவிட்டு ஊர்த் திருவிழாவுக்கு மட்டுமே வெளியே போனவர். "கோட்டி பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கேட்டார். ஆனால் அம்மாவின் கண்ணில் அந்தக் கதவு இருந்தது, சாத்திக்கொண்டு குளிக்கிற கதவு.

கழிமுகம் தாண்டி நவி மும்பையில், கோபர்கைரனேயில் ஒரு அறையும் சமையலறையும் உள்ளே குளியலறையும் கொண்ட வாடகை வீட்டுக்குப் போனோம். இட்லி நின்றது. விலாசம் மாறியது. அடுத்த மாதமே எனக்குத் தாராவிப் படி வந்துவிட்டது. அதை அப்படியே வாடகைக்குக் கொடுத்தேன். அதாவது தாராவியில் இருப்பதற்காக அரசாங்கம் கொடுத்த பணத்தில், தாராவியில் இல்லாமல் இருந்தேன். இதை நான் யாரிடம் சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள்.

முதல் நாள் காலையில் அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குளித்தாள். வெளியே வந்து ஈரத்தலையோடு ஜன்னலோரம் நின்றாள். "ஒரு மனுசரோடயும் பேசாம எப்படிட்டி விடியும்?" என்றாள்.

நான் அன்றைக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி, வியர்த்து விறுவிறுத்து, பிரார்த்தனை முடிந்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைந்தேன். அதுவரை நான் தாமதமாக வந்ததே கிடையாது. முத்துச்செல்வி எழுந்து நின்றாள். வாயாடிப் பெண், எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள்.

"டீச்சர், நீங்க வீட்ட காலி பண்ணிட்டீங்களாம்லா? நெசமாவா?"

"ஆமாம்."

"அப்ப நீங்க மழை தாண்டுவீங்களா டீச்சர்?"

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஒரு பையன் அவசரமாக எதையோ கால்சட்டைப் பைக்குள் போட்டான்; கோலிக்குண்டுகள் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. என் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்! நான் பிறந்த சந்தின் பிள்ளைகள், நான் வீட்டுக்குள் போய் எழுப்பிக் கூட்டிவந்த பிள்ளைகள். சாக்பீஸை எடுத்தேன், தேதி போட்டேன். தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

மழையைத் தாண்டினேன். ரயில் நின்ற நாட்களில் வாஷி ஸ்டேஷனில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன், ஆனால் தாண்டினேன். வேறொன்றுதான் கைநழுவிப் போனது. முன்பெல்லாம் ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் காரணம் எனக்கு வரிசையிலேயே தெரிந்துவிடும். அப்பன் குடித்துவிட்டு அடித்தான், அம்மாவை சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இப்போது வருகைப் பதிவில் ஒரு கோடு போடுவேன், அவ்வளவுதான். எந்தப் பிள்ளை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறுகிறது, எந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுத் தொலைவில் நாலாசோபாரா பக்கம் போகிறது என்பதெல்லாம், பெயரை வெட்டும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு கிடையாது. படியும் நின்றுவிட்டது. எங்கள் சந்தில் பாதியை இடித்துவிட்டார்கள். பொதுக் கழிப்பறை இருந்த இடத்தில் இப்போது தகர வேலி. முத்துச்செல்வி தன் குழந்தைக்குத் தமிழில் பேர் வைத்திருக்கிறாள், ஆனால் இந்தக் கல்யாணத்தின் பத்திரிகையைத் தமிழ் வாசிக்கத் தெரியாத கணவனுக்கு இங்கிலீஷில்தான் வாசித்துக் காட்டினாளாம். நான் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பள்ளி போனது ஆசிரியர்கள் ஓடியதால் அல்ல.

கடைசி வருஷம், ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள். படி வந்த பிறகு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்கூடச் செம்பூருக்குப் போகவில்லை. அன்றைக்கு எல்லாருமே நேரத்துக்கு வந்துவிட்டோம். ஆசீர் சார் புதுச் சட்டை போட்டிருந்தார். பி.டி. சார் கேட்டில் மாவிலை கட்டினார். மைதிலி டீச்சர் ஒன்றாம் வகுப்புப் போர்டில் கலர் சாக்பீஸால் ஒரு முழு ரயிலை வரைந்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்தாக அ, ஆ, இ, ஈ என்று எழுதி வைத்திருந்தார். நான் வாசலில் சாக்லேட் தட்டோடு நின்றேன். மேல் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள், சாக்லேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சந்தில் இங்கிலீஷ் பள்ளியின் நீலச் சீருடைகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. தெரிந்த முகங்கள்தான். ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மணி அடித்தது. ஆசிரியர்கள் அத்தனை பேரும் இருந்தோம். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை.