அக்காவின் வரைபடத்தில் என் கறை

அந்த வரைபடத்தின் கீழ்ப்பகுதியில், ஓடை வளையும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்பு அது லேசான மஞ்சளாகத்தான் இருந்தது. இப்போது கருத்துப்போய், தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது. போன மாதம் என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், புந்தோங்கிலிருந்து பஸ் பிடித்து வந்து, பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்த அந்தத் தாளை என் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். மேசையில் ரசம் சிந்தியிருந்ததை அவள் பார்க்கவில்லை. வந்ததும் வராததுமாக எனக்கு எரிச்சல் மூண்டது. அவளோடு ஒரு மணி நேரம் எரிச்சல் இல்லாமல் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ஈப்போவுக்குச் சில மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு ஐந்து வயது. அப்பா வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே தகரக் கொட்டகை, ஒரே வாத்தியார் என்பதால் இருவரும் ஒரே பலகையில்தான் உட்கார்ந்தோம். ஒருநாள் வாத்தியார், தோட்டம் உண்டான கதையைப் படங்களோடு சேர்த்து வரைபடமாக வரைந்து வரவேண்டும் என்றார். காடு இருந்தது, ஆட்கள் கப்பலில் வந்தது, மரம் நட்டது, பால் வெட்டியது எல்லாம் அதில் இருக்கவேண்டும். நன்றாக வரைகிறவர்களை ஈப்போ பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் துரை சிபாரிசு எழுதுவாராம். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. எப்படியாவது கூலிகளின் வரிசை வீடான அந்த லயத்தைவிட்டுப் போய்விடவேண்டும் என்று இருந்தேன். அக்காவும் அப்படித்தான் இருந்தாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

தாள் பற்றாக்குறை. இரண்டு பேருக்கு ஒரு தாள் என்று கொடுத்தார்கள். எனக்கு ஜோடியாக அக்கா வாய்த்தாள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸ் சுவரில் தோட்டத்துப் பிளான் மாட்டியிருக்கும். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஸ்டோர் நடுவில், பங்களா மேட்டில், பால் வெட்டும் காடுகள் கட்டம் கட்டமாக. அடிக்கோல் வைத்து நான் கோடு போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அக்கா புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு மரத்துக்கு ஒரு புள்ளி. விடியற்காலையில் பெரியப்பாவோடு பால்காட்டுக்குப் போய், பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். அதனால் ஒவ்வொரு நிரையிலும் எத்தனை மரம், எது பட்டுப்போன மரம் என்று அவளுக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் வைத்தாள். பெரியப்பா பால் வெட்டும் காடு பாதித் தாளை அடைத்துக்கொண்டது. துரை பங்களா நெருப்புப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. ஈப்போ நகரத்துக்கு என் கட்டைவிரல் நகம் வைக்கத்தான் இடம் மிச்சம். ஒரு ஊரை இப்படிச் சின்னதாகப் போடலாமா என்று கத்தினேன். அந்தக் காட்டைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு பெரிதாகத்தான் போடவேண்டும், ஈப்போவுக்கு நான் நடந்ததே இல்லை என்று பதில் சொன்னாள்.

அத்தோடு விட்டாளா? லயம் முழுக்கப் போய் விசாரித்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வாசலில் கூட்டம். புல் வெட்டும் பெண்கள், அவர்கள் தண்ணீர் குடிக்கும் ஊற்றைப் போடாவிட்டால் அது என்ன தோட்டம் என்று கேட்டார்கள். பாம்பு கடித்துப் பிழைத்தவர், கடித்த இடத்தைக் காட்டவேண்டும் என்றார். கப்பலுக்கு மூன்று புகைக்குழாய் என்றார் ஒரு தாத்தா. அதே கப்பலில் வந்த இன்னொருவர் இரண்டுதான் என்று அடித்துச் சொன்னார். அக்கா இரண்டு கப்பல் வரைந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் அழகான கட்டங்களுக்குள் ஊற்றும் பாம்பும் கங்காணியின் குடையும் வந்து உட்கார்ந்தன. இந்த லட்சணத்தில் துரை எங்கே சிபாரிசு எழுதப்போகிறார் என்று அவளிடம் தினமும் சண்டை. அவளோ நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டே இருப்பாள்.

தாளைக் கொடுக்கவேண்டிய நாள் காலையில்தான் அதைப் பார்த்தேன். ஓடை வளையும் இடத்தில், பாலத்திலிருந்து வரும் நிரையின் கடைசியில், சின்னச் சின்ன மேடுகளாக வரைந்திருந்தாள். தோட்டத்துச் சுடுகாடு. புதைப்பதும் அங்கேதான். ஒரு மேட்டுக்கு மேல் மட்டும் ஒரு பூ போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"அது சின்னம்மாடா. ஒங்கம்மா. கதைல அவங்களும் இருக்கணுமில்ல" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. ஈப்போவுக்குப் போகிற படத்தில் சுடுகாடா? கிராணி பிளானில் அது இல்லவே இல்லை. என் அம்மாவைத் துரையும் கிராணியும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அழித்தேன். எங்களிடம் கடையில் வாங்கிய அழிப்பான் ஏது? மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து, உருண்டையாக உருட்டி வைத்துக்கொள்வோம். அதுதான் அழிப்பான். ஒட்டுப்பால் உருண்டையை ஒரு வாரமாவது வெயிலில் போட்டுக் காயவைக்கவேண்டும் என்பது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் அக்காவின் பையிலிருந்து நான் எடுத்தது அன்று காலை உரித்த ஈர உருண்டை. தேய்க்கத் தேய்க்க மேடுகள் போயின, புள்ளிகளும் போயின, பால் தாளில் ஏறி இழுவிக்கொண்டது. இன்னும் தேய்த்தேன். இன்னும் இழுவியது.

வாத்தியார் தாளைத் தூக்கிப் பிடித்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். உருண்டை அவள் பையில்தானே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. பிரம்படி அவளுக்கு. கிராணி பிளானை அப்படியே பார்த்து வரைந்திருந்த இரண்டு பையன்களின் படம் ஈப்போவுக்குப் போனது. படம் வரைந்து கிழித்தது போதும் என்று பெரியம்மா அந்த மாதமே அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் புல் வெட்ட அனுப்பினாள். வாத்தியார் எறிந்த தாளை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் சில வருஷம் கழித்து ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிபாரிசு கிடைக்காமல் போனதே அவளால்தான் என்று வெகுகாலம் மற்றவர்களிடம் சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

இப்போது அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஓடைப் பக்கத்தை வாங்கியவர் ரப்பர் மரங்களை எல்லாம் ஏற்கெனவே தள்ளிவிட்டார், எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப் போகிறார். சுடுகாடு இருந்தால் எழுதிக் காட்டுங்கள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம் என்று அவருடைய ஆள் சொல்லியிருக்கிறான். ஆனால் எந்தப் பிளானிலும் அது இல்லை. மரக்கட்டை நட்ட அடையாளங்களைக் கரையான் தின்று பலகாலம் ஆகிறது. பாலம் மட்டும் கல் பாலம் என்பதால் நிற்கிறது. அங்கிருந்து எத்தனை அடி என்று தெரிந்தால் போதும். இதற்காகத்தான் அக்கா வந்திருந்தாள்.

"எனக்கு அடிக்கணக்கு வராதுலா. நீதான் படிச்சவன், போட்டுக் குடு" என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டத் தெரிந்தவளாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். பென்சில் கோடுகள் பெரும்பாலும் மங்கிவிட்டன. என் கட்டங்கள் இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு கப்பலும் போய்விட்டன. அழுத்தி வைத்த அவள் புள்ளிகள் மட்டும் தாளில் பள்ளமாக நின்றன. ஓடைப் பக்கத்து நிரையில் மரத்துக்கு மரம் இருபது அடி என்பது அங்கே பிறந்தவனுக்கு மறக்காது. பாலத்திலிருந்து விரலால் தடவி எண்ணினேன். பதினேழு புள்ளி. பிறகு என் கறை.

"அதுக்கப்புறம் நாலு மரம்" என்றாள் அக்கா, தாளைப் பார்க்காமலே. "நாலாவதுக்குப் பின்னாடிதான் சின்னம்மா."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அழித்தது நான்தான் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தெரியும்லா. என் உருண்டைய எடுத்துத்தானே அழிச்ச. காயாததுன்னு தெரிய வேணாம்?" என்றாள். கறையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மத்ததெல்லாம் மங்கிப்போச்சி. இதுனாலதான் எடம் தெரியுது. மொதல்ல எழுது."

நாற்பது வருஷமாக எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தாய், ஒரு தரமாவது என்னைத் திட்டியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். கேட்டதுகூட எரிச்சலாகத்தான் வந்தது. அன்றைக்கே உன் முகம் அழுதுவிடும்போல இருந்தது, அம்மா இல்லாத பிள்ளை என்று விட்டுவிட்டேன் என்றாள். இருபத்தொரு மரம், நானூற்று இருபது அடி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். கோடு கோணலாகப் போகிறது, அடிக்கோல் இல்லையா என்று கேட்டாள். பிறகு என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அந்தக் கறையின் மேலேயே அழுத்தி அழுத்தி நாலு புள்ளி வைத்தாள். பிசுபிசுப்பில் பென்சில் வழுக்கியது. தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.