குரூப்பில் போட்டால் கூப்பிட்ட மாதிரி ஆகுமா?

என் பேத்தி கௌசல்யாதான் இப்போது எங்கள் மேனாம்பேடு இளைஞர் மன்றத்துக்குத் தலைவி. சம்பளம் கிடையாது, பெருமை மட்டும்தான். அதுவும் எனக்கு.

முதல் வேலையாக இன்று காலை ஏரிக்கரையில் மரக்கன்று நடலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

போய்ப் பார்த்தால் மரக்கன்றுகளும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"இன்னிக்கு யாரும் வரலைன்னா இனிமே என்னை எவன் மதிப்பான் ஆயா? நான் விட்டுர்றேன்" என்றாள்.

நான் டீ குடிக்கலாம் என்றேன். டீக்கடையில் மன்றத்து ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாடா, குரூப்ல போட்டேனே, பாக்கலையா?"

"பாத்தோமே. அது ஊருக்கே போட்டது" என்றான் மணி. "பழைய தலைவரு ஊட்டு வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்டுவாரு. நீ எங்கள எங்க கூப்ட்டக்கா? கூப்டுவேன்னுதான் குந்திகினு கீறோம்."

கௌசல்யா கடை வாசலில் போய் நின்றாள்.

"மணி, வாடா. கார்த்தி, வாடா. பிரியா, நீயும் வா."

ஒவ்வொருவராக கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"என்னைக் கூப்டலையேம்மா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நீயும் வா அண்ணாத்தே!"

அவர் மட்டும் வரவில்லை. கூப்பிட்டதே போதுமாம்.

கன்றுகளை எல்லாம் நட்டாயிற்று. இனி தண்ணீர் ஊற்றத்தான் ஆள் வேண்டும்.

இந்தப் பதிவும் ஊருக்கே போட்டதுதான். யார் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட வேண்டும் என்று கீழே சொல்லுங்கள், பேத்தியை அனுப்புகிறேன். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.